புயலும் பத்திரமும்

புயல் ஒரே நாளில் ஓய்ந்துவிடுகிறது. அதன் பின்வரும் காத்திருப்போ எளிதில் ஓய்வதில்லை.

2017 செப்டம்பர் 20-ஆம் நாள் மரியா என்னும் சூறாவளி, அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட போர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கிற்று. தீவெங்கும் மின்சாரம் அற்றது. அது ஏறக்குறைய முற்றும் மீள 11 மாதங்கள் ஆயின. மாண்டோர் 64 பேர் என்று முன்னர் கூறிய அரசு, 2018 ஆகஸ்டில் 2,975 என்று ஏற்றுக்கொண்டது. மின்சாரமும் மருத்துவமும் கிட்டாது பின்னர் மடிந்தோரும் இக்கணக்கில் அடங்குவர்.

வீடிழந்தோர் உதவி கோரியபோது அதிகாரிகள் உரிமைப் பத்திரம் கேட்டனர். பாட்டன் கட்டிய வீட்டில் பேரன் வாழ்வது அங்கே வழக்கம். பத்திரத்திற்கு எங்கே போவது? பல்லாயிரம் மனுக்கள் தள்ளுபடியாயின. கூரை இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாயே நெடுநாள் நின்றது. மாற்றுச் சான்றுகளைத் தாராளமாக ஏற்கும் விதி 2021-இல்தான் வந்தது.

காகிதத்தினும் மனிதன் முந்தியவன் என்பதை அரசுகள் உணரவேண்டும். ஊரைவிட்டுத் தொலைவில் வாழும் நாமும் ஒன்று செய்யலாம். பெற்றோர் குடியிருக்கும் வீட்டின் பட்டா எவர் பெயரில் உள்ளது? அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது கேட்டறிந்து வாருங்கள்.