கையெழுத்துக்குப் பின்னால் ஒரு சங்கம்

(விராலிமலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"விமானத்தைப் பத்திப் பேசுங்க, பசங்க ஆசையாக் கேட்பாங்க" என்றார் செயலாளர். பேசுகிறேன். ஆனால் மேலே பறக்கிற விமானத்தைப் பற்றி அல்ல. அது தரையில் நிற்கும்போது அதன் அடியில் டார்ச்சோடு குனிந்து நிற்கிறவனைப் பற்றி. முப்பது வருஷம் நான் நின்ற இடம் அது.

பழுது பார்ப்பவர்களில் இரண்டு வகை உண்டு. டெக்னீஷியன் வேலையைச் செய்வார். லைசென்ஸ் பெற்ற இன்ஜினியர் அதைச் சரிபார்த்து, விமானம் பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து இல்லாமல் விமானம் கிளம்பாது. தப்பாகப் போட்டால் லைசென்ஸ் போகும். உயிரும் போகலாம், அது நம்ம உயிர் அல்ல.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்த முதல் வருஷம். தொடர்ந்து இரண்டு ஷிப்ட் பார்த்த இரவு. பிரேக்கில் தேய்மானத்தைக் காட்டும் சின்னப் பின் ஒன்று உண்டு. அது மட்டத்துக்கு வந்துவிட்டால் பிரேக்கை மாற்ற வேண்டும். அன்றைக்கு ஒரு நூல் இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. மேற்பார்வையாளர் கேட்டார்: "என்னப்பா, பிளேன் டயத்துக்குப் போகணுமா, வேண்டாமா?" என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது. அவர் அதைச் சொல்லவில்லை. எனக்கே ஞாபகம் வந்தது. 'சரி' என்று எழுதினேன். போன ஊரில் வேறொருத்தர் பார்த்து பிரேக்கை மாற்றினார். யாரும் என்னைத் திட்டவில்லை. ஆனால் பல இரவுகள் எனக்குத் தூக்கம் இல்லை.

பிறகு வேறு நிறுவனம். அங்கே சங்கம் இருந்தது. ஒரு நள்ளிரவு எங்கள் இன்ஜினியர் கையெழுத்துப் போட மறுத்தார். அதிகாரி கத்தினார். சங்கச் செயலாளர் லுங்கியோடு ஸ்கூட்டரில் வந்து ஒரே வார்த்தை சொன்னார்: "சார், பரவாயில்லை போடுன்னு நீங்க சொல்றதைப் பேப்பர்ல எழுதிக் கொடுங்க." அதிகாரி எழுதித் தரவில்லை. பாகத்தை மாற்றினோம். விமானம் மூன்று மணி நேரம் தாமதம், அவ்வளவுதான். சங்கம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. தனி ஆளாக "முடியாது" என்று சொல்ல முடியாதவனுக்கு அதைச் சொல்லும் தெம்பைத் தருவதுதான் சங்கம்.

இது சம்பளத்துக்கு அப்பாற்பட்ட விஷயம் என்று நினைக்காதீர்கள். 1990 ஜூன் 10 அன்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் முன் கண்ணாடி வானத்தில் பிய்த்துக்கொண்டு போனது. கேப்டன் பாதி உடம்பு வெளியே தொங்கியும் உயிர் பிழைத்தார். காரணம்? கண்ணாடியைப் பிடித்த 90 போல்ட்டுகளில் 84 தேவையைவிட மெலிந்தவை. ஆள் குறைவான இரவு ஷிப்டில், விடியற்காலை நேரத்தில் மாட்டியவை. ஷிப்டுக்கு எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் ஓய்வு என்று பேசுவது பயணியின் உயிரைப் பற்றிப் பேசுவதுதான்.

நம்ம நாட்டிலும் பாருங்கள். 2019 மார்ச்சில், மாதக்கணக்கில் சம்பளம் வராத ஜெட் ஏர்வேஸ் இன்ஜினியர்களின் சங்கம் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குக் கடிதம் எழுதியது. எங்கள் மனநிலை சரியில்லை, பாதுகாப்புக்கே ஆபத்து என்றது அந்தக் கடிதம். ஏப்ரல் 17 அன்று அந்த நிறுவனம் பறப்பதை நிறுத்தியது. சங்கத்தால் கம்பெனியைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் உள்ளதை உள்ளபடி ஊருக்குச் சொல்ல ஒரு வாய் இருந்தது. 2022 ஜூலையில் இண்டிகோ டெக்னீஷியன்கள் குறைந்த சம்பளத்தை எதிர்த்து உடம்பு சரியில்லை என்று கூட்டமாக லீவு போட்டார்கள். நேராகப் பேச வழி இருப்பவன் எதற்கு ஜுரம் என்று சொல்ல வேண்டும்?

சங்கத்தின் பக்கமும் தவறு உண்டு. 2010 மே 22 அன்று மங்களூர் விபத்தில் 158 பேர் இறந்தார்கள். ஊழியர்கள் பத்திரிகைகளிடம் பேசக் கூடாது என்ற உத்தரவு முதலான குறைகளுக்காக, மூன்றே நாளில் ஏர் இந்தியா சங்கங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. கோரிக்கையில் நியாயம் இருந்தது, நேரம் சரியில்லை. மக்கள் நம்ம பக்கம் நிற்கவில்லை. நீதிமன்றம் தடுத்தது. இன்ஜினியர் சங்கம் உட்பட இரண்டு சங்கங்களின் அங்கீகாரம் பறிபோனது, பலருக்கு வேலையும் போனது. 2005இல் அமெரிக்காவில் நார்த்வெஸ்ட் மெக்கானிக்குகள் சுமார் 4,400 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, மற்ற சங்கத்தார் வேலைக்குப் போனார்கள். நிர்வாகம் மாற்று ஆட்களை வைத்து ஓட்டிவிட்டது. இன்ஜினியர் தனி, டெக்னீஷியன் தனி, ஒப்பந்த ஆள் தனி என்று நின்றால் நமக்கும் அதே கதிதான்.

தம்பிகளே, சட்டத்தையும் படியுங்கள். 1926ஆம் வருஷச் சட்டம் சங்கத்தைப் பதிவு செய்ய உரிமை தந்தது. நிர்வாகம் அதை அங்கீகரித்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தில், பல சங்கங்கள் இருக்கும் இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்துக்கே தனியாகப் பேசும் உரிமை. வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். பாதிப் பேர் பேசி வைத்துக்கொண்டு ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தக் கணக்குதான். ஆகவே கணக்காக, ஒற்றுமையாக நடக்க வேண்டிய காலம் இது.

இதெல்லாம் டில்லி, பம்பாய் சமாச்சாரம் என்று எண்ண வேண்டாம். இங்கிருந்து பஸ் ஏறினால் திருச்சி. அங்கே பொன்மலை ரயில்வே பணிமனையில் இரண்டாம் உலகப் போரின்போது போர் விமானங்களையே பழுது பார்த்தார்கள். அதே பொன்மலையில் 1946 செப்டம்பர் 5 அன்று, போராடிய தொழிலாளர்கள் 5 பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். ஸ்பானர் பிடிக்கிற கைக்குச் சங்கம் புதுசு இல்லை.

வேலைக்குப் போகும்போது மூன்று காரியம் செய்யுங்கள். ஒப்பந்தத்தையும் பாண்டையும் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். செய்த வேலையைத் தேதி, நேரத்தோடு சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். பக்கத்தில் நிற்கிற ஒப்பந்தப் பையனின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அன்றைக்கு பிரேக்கின் முன்னால் நான் தனியாக நின்றேன். நீங்கள் அப்படி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும் சொன்னேன்.