பி.எஸ்சி. சைக்காலஜிக்கு எவ்வளவு பாசிங் பவர்?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நம் குடியிருப்பில் இந்த வருடம் பிளஸ் டூ முடித்தவர்களில் இரண்டு பேருக்கு சைக்காலஜி படிக்க ஆசையாம். "உங்க பொண்ணு படிச்சதுதானே, நீங்களே பேசிடுங்க சார்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மனசைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி கிடையாது. ஒரு அப்பாவாகப் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மகள் இந்தப் படிப்பைக் கேட்டபோது நான் ஒத்துக்கொள்ளவில்லை. "பி.காம். படி, பேங்க் எக்ஸாம் எழுது" என்றேன். அவள் அம்மா பிடிவாதமாக நின்றதால் சென்னையில் சேர்த்தோம். முதல் விடுமுறைக்கு வந்தவள் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, முனைகளில் அம்புக்குறிகளை மாற்றி வரைந்து, "எது நீளம்ப்பா?" என்றாள். ஒன்றைக் காட்டினேன். ஸ்கேலை வைத்து அளந்தால் இரண்டும் ஒரே நீளம்! முல்லர்-லயர் என்ற ஜெர்மானியர் 1889-லேயே எழுதி வைத்த விஷயமாம். செக்கில் கையெழுத்துப் பார்த்தே காலம் தள்ளிய கண் என் கண்.

அவள் புத்தகத்தைப் புரட்டினால் திட்ட விலக்கம், ஒட்டுறவுக் கெழு. பி.காமில் என்னைப் படாதபாடு படுத்திய அதே ஸ்டாட்டிஸ்டிக்ஸ். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறவர்கள் கவனிக்கவும்.

அவள் மூன்றாம் வருடம் முடித்த சமயம் தெரிந்த குடும்பம் ஒன்று வீட்டுக்கு வந்தது. பையன் பரீட்சையில் தவறியதிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை, அறையை விட்டு வருவதில்லை. "திமிரு. நீ சைக்காலஜிதானேம்மா, நாலு வார்த்தை பேசிச் சரி பண்ணிடு" என்றார்கள். மகள், "ஆன்ட்டி, நான் வைத்தியம் பண்ணக் கூடாது. டாக்டர்கிட்ட போகணும்" என்றாள். அந்தம்மாவுக்குக் கோபம். "அப்ப எதுக்கு மூணு வருஷம் படிச்சே?" என்று கேட்டுவிட்டார். உண்மையைச் சொன்னால், எனக்குள்ளும் அதே கேள்விதான்.

ஆனால் மகள் அதோடு விடவில்லை. அந்தப் பையனோடு அரை மணி நேரம் உட்கார்ந்தாள். மறுநாள் அவளே கூடப் போய் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டினாள். திமிர் இல்லை, நோய் என்றார்கள். பையன் தேறி அடுத்த வருடம் பரீட்சை எழுதினான்.

அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கவுண்டரில் எனக்கு ஒரு தொகை வரைதான் பாசிங் பவர். அதற்கு மேல் ஒரு ரூபாய் என்றாலும் ஆபீசர் கையெழுத்து வேண்டும். அதற்காகக் கிளார்க்குக்கு வேலை தெரியாது என்று அர்த்தமா?

இளங்கலைக்கும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு வைக்க ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். பதிவில்லாமல் செய்தால் 1992-ஆம் வருடச் சட்டப்படி ஓராண்டு வரை சிறைகூட உண்டு. என் மகள் போன வழி: பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, எம்.பில். இரண்டு, ஆக ஏழு வருடம். நடுவில் எம்.பில். நுழைவுத் தேர்வில் ஒரு முறை தவறி ஒரு வருடம் போனது. என் கிராஜுவிட்டியில் ஒரு பகுதியும் போனது. அந்த எம்.பில். முறையே இப்போது மாறிவருவதால், சேருமுன் ஆர்.சி.ஐ. இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள். பெற்றோர் பணத்தையும் மனதையும் மூன்று வருடத்துக்கு மட்டும் தயார் செய்து வைத்தால், நடுவழியில் பிள்ளைதான் தவிக்கும்.

மூன்றோடு நிறுத்தினால் வீண் என்றும் சொல்லமாட்டேன். வங்கித் தேர்வு, குரூப் 2 எல்லாவற்றுக்கும் ஏதேனும் ஒரு டிகிரி போதும். எம்.எஸ்.டபிள்யூ., எம்.பி.ஏ. போகலாம். என்னோடு கவுண்டரில் இதைப் படித்த ஒருவர் இருந்திருந்தால், வரவு செலவே இல்லாமல் தினமும் பாஸ்புக் பதிய வந்த பெரியவரிடம் நான் எரிந்து விழுந்திருக்க மாட்டேன். மனைவி போனபின் பேச ஆளில்லாமல் வந்தார் என்று பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்று, தபால் வழி. "வீட்டிலிருந்தே படிக்கட்டுமே" என்று ஒருவர் கேட்டார். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து சைக்காலஜியைத் தொலைதூர, ஆன்லைன் முறையில் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. யாராவது அட்மிஷன் இருக்கிறது என்று போன் செய்தால் பணம் கட்டிவிடாதீர்கள்.

அடுத்த மாதம் மகள் கோலியனூர் வருகிறாள். அந்த இரண்டு பிள்ளைகளும் வீட்டுக்கு வந்து கேட்கலாம். பெற்றோரும் தாராளமாக வாருங்கள். கேள்வியைப் பிள்ளைகள் கேட்கட்டும்.