எந்தக் கிளிப் நல்லது?

(மருத்துவமனை நண்பர்கள் கூடுகையில் பல் மருத்துவப் பிரிவினர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையின் முடிவில் பெரியவர் ஒருவர் எங்களிடம் வந்து ஒரு கேள்வி கேட்டார். "பல்லுக்குக் கிளிப் போடுவது அழகுக்காகத்தானே? ஏழைகளுக்கென்று நாங்கள் அனுப்பும் பணத்தை அதற்கும் செலவிட வேண்டுமா?" என்றார். நியாயமான கேள்விதான். கொடுப்பவர்களுக்குக் கேட்கும் உரிமை உண்டு. அன்று நின்றபடியே சொன்ன பதில் எங்களுக்கே நிறைவாக இல்லை. ஆகையால் இன்று ஒரே ஒரு வகைக் கிளிப்பைப் பற்றி மட்டும் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறோம். பிள்ளைகளின் மேல்தாடையை அகலப்படுத்தும் கருவிகளே அவை.

மேல்பல் வரிசை கீழ்ப்பல் வரிசையைவிடச் சற்று அகலமாக இருக்க வேண்டும். டப்பாவின் மூடி டப்பாவின் வாயைச் சுற்றிப் பொருந்துவதுபோல் மேல்பற்கள் வெளிப்புறமாக அமர வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகள் சிலருக்கு இது தலைகீழாக இருப்பதைக் காண்கிறோம். மேல்தாடை குறுகி, ஒரு பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே போய் விழுகின்றன. வாயை மூடும்போது பல் மோதுகிறது. மோதலைத் தவிர்க்கப் பிள்ளை தாடையை ஒரு பக்கம் தள்ளிக் கடிக்கிறது. வளரும் வயதில் வருடக்கணக்கில் இப்படியே கடித்தால், மோவாய் ஒரு பக்கம் சாய்ந்தபடியே வளர்ந்துவிடக்கூடும். நெடுநாள் விரல் சூப்புதல், மூக்கடைப்பினால் வாய்வழியே மூச்சு விடுதல், பரம்பரை, பிளவு அண்ணத்திற்குச் செய்த அறுவையின் தழும்பு ஆகியவை இதற்குக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன.

இதைச் சரிசெய்ய வழி இருப்பதற்குக் காரணம் மேலண்ணத்தின் அமைப்புதான். அது ஒரே எலும்பு அல்ல. இடமும் வலமுமாக இரண்டு பாதிகள் நடுக்கோட்டில் தையல் போட்டதுபோல் சேர்ந்திருக்கின்றன. சிறு வயதில் அந்தத் தையல் இளகியிருக்கும். பதின்வயது முடிவதற்குள் பெரும்பாலும் இறுகிவிடும். எந்த வயதில் இறுகும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். இளகியிருக்கும்போது ஒரு சிறு திருகு செய்யும் வேலையை, இறுகியபின் செய்ய எலும்பில் சிறு ஆணிகள் பொருத்த வேண்டியிருக்கும், அல்லது அறுவை தேவைப்படும். எனவே நாங்கள் போட்டியிடுவது காலத்தோடுதான்.

இந்த முறை இன்று நேற்று வந்தது அல்ல. 1860-இல் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் எமர்சன் ஏஞ்சல் என்ற பல் மருத்துவர் 14 வயதுச் சிறுமி ஒருத்தியின் மேல்பற்களுக்கு நடுவே திருகு ஒன்றைப் பொருத்தினார். இரண்டு வாரத்தில் முன்பற்களுக்கிடையே இடைவெளி விழுந்தது. அண்ணமே இரண்டாகப் பிரிந்தது என்று அவர் எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல்தான். ஆகவே காட்டி நிரூபிக்க வழியில்லை. பலர் அவரை நம்பவில்லை. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்குப் பின், 1961-இல் ஆண்ட்ரூ ஹாஸ் என்பவர் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகே இம்முறை மீண்டும் உலகெங்கும் பரவியது.

இன்று பிள்ளைகளுக்கு முக்கியமாக மூன்று வகைக் கருவிகள் பயன்படுகின்றன.

முதலாவது, கழற்றி மாட்டும் பிளேட். அண்ணத்தில் பொருந்தும் அக்ரிலிக் தகடு இது. அதன் நடுவே ஒரு திருகு இருக்கும். வாரத்திற்கு ஒன்றிரண்டு முறை வீட்டிலேயே சாவியால் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். செய்வது எளிது, செலவு குறைவு, பல் துலக்கும்போது கழற்றிவிடலாம். ஆனால் கழற்றலாம் என்பதே அதன் பலவீனமும் ஆகும்.

இரண்டாவது, குவாட் ஹீலிக்ஸ். நான்கு வளையங்கள் கொண்ட எஃகுக் கம்பி இது. கடைவாய்ப் பற்களில் ஒட்டிய பட்டைகளோடு சேர்த்துப் பொருத்திவிடுவோம். சுருள்வில்போல இரவும் பகலும் மெதுவாகத் தள்ளிக்கொண்டேயிருக்கும். வீட்டில் யாரும் எதையும் திருப்ப வேண்டியதில்லை. ஏறக்குறைய ஆறு வாரத்திற்கு ஒருமுறை நாங்கள் பார்த்துச் சரிசெய்தால் போதும்.

மூன்றாவது, வேகமாக விரிக்கும் திருகு. ஹாஸ் வடிவமைத்த கருவியில் அண்ணத்தில் அக்ரிலிக் படிந்திருக்கும். 1968-இல் பீடர்மேன் வெளியிட்ட ஹைராக்ஸ் என்ற கருவியில் அக்ரிலிக் இல்லை, முழுதும் உலோகம். ஆகையால் உணவு சிக்காமல் சுத்தம் செய்வது எளிது. இரண்டையும் பற்களில் ஒட்டிவிடுவார்கள். பொதுவாகக் காலையில் கால் சுற்று, மாலையில் கால் சுற்று. ஒரு கால் சுற்றுக்கு ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் என்றால், ஒரு நாளைக்கு அரை மில்லிமீட்டர், இரண்டு வாரத்தில் 7 மில்லிமீட்டர். அதன்பின் திருகை அசையாமல் பூட்டி, விரிந்த இடத்தில் புது எலும்பு நிறையும்வரை மாதக்கணக்கில் வாயிலேயே விட்டுவைக்க வேண்டும்.

எது நல்லது என்பதே எல்லோரும் கேட்கும் கேள்வி. இதற்கு எங்களுக்குப் பாடம் கற்பித்தவள் ஆவடிப் பக்கத்து ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி. செலவை மிச்சப்படுத்தும் எண்ணத்தில் அவளுக்குப் பிளேட் கொடுத்தோம். தாயார் தவறாமல் திருகைத் திருப்பி வந்தார். நான்கு மாதம் கழித்து வந்தபோது பிளேட் வாயில் உட்காரவே இல்லை. திருகு விரிந்திருந்தது, தாடை விரியவில்லை! "ஸ்கூல்ல எல்லாரும் கேலி பண்றாங்கன்னு டிபன் பாக்ஸ்ல வச்சிடறா டாக்டரம்மா, எனக்கே இப்பதான் தெரியுது" என்று தாயார் கண்கலங்கினார். குற்றம் அந்தப் பிள்ளையினுடையது அல்ல. ஒன்பது வயதுப் பிள்ளையின் மனவுறுதியை நம்பிச் சிகிச்சையைத் திட்டமிட்டது எங்கள் தவறு. பிறகு குவாட் ஹீலிக்ஸ் பொருத்தினோம். சில மாதங்களில் கடி சரியானது. ஆனால் அதற்குள் எத்தனை ரயில் பயணம், எத்தனை நாள் கூலி இழப்பு!

இது எங்கள் அனுபவம் மட்டுமல்ல. சுவீடன் நாட்டின் மால்மோ நகரிலிருந்து 2008-இல் ஒரு ஆய்வு வெளியானது. ஒரு பக்கக் கடி மாறியிருந்த 60 பிள்ளைகளைச் சீட்டுப் போட்டதுபோல் நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். குவாட் ஹீலிக்ஸ் போட்ட எல்லாருக்கும் கடி சரியானது. பிளேட் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கே சரியானது. சிகிச்சையே இல்லாமல் விட்டவர்களில் யாருக்கும் தானாகச் சரியாகவில்லை. பின்பு 2013-இல் அதே குழுவினர் செலவையும் கணக்கிட்டார்கள். மருத்துவமனை வருகை, பெற்றோர் வேலையை விட்டு வரும் நேரம், தோற்றபின் மறுபடி செய்யும் சிகிச்சை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது குவாட் ஹீலிக்ஸே மலிவாக நின்றது. 2021-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பும் 7 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு இரண்டுமே பயன் தரும், பிளேட்டைவிடக் குவாட் ஹீலிக்ஸ் அதிகம் வெற்றி தரும் என்றே சொல்கிறது. ஹாஸ், ஹைராக்ஸ் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பயன் தருவதாகவே அது சொல்கிறது.

அப்படியானால் வேகத் திருகு எதற்கு? தாடையெலும்பே மிகவும் குறுகியிருந்தால், அல்லது பிள்ளை பதின்வயதை எட்டிவிட்டால், மெல்லிய கம்பி பற்களைச் சாய்த்துவிட்டு நின்றுவிடும். தையலைத் திறக்க அதிக விசை வேண்டும். பூந்தமல்லிப் பக்கத்துப் பதின்மூன்று வயதுப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஹைராக்ஸ் பொருத்தினோம். தகப்பனாருக்குத் தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட். தாயாரும் வேலைக்குப் போகிறவர். பாட்டிக்குக் கண் பார்வை குறைவு. கடைசியில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் அக்காவுக்குச் சாவி திருப்பக் கற்றுக்கொடுத்தோம். சாவி தொண்டைக்குள் விழாதபடி நூலில் கட்டிக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டும் என்பதுதான் முதல் பாடம். அவள் ஒவ்வொரு திருப்பலையும் காலண்டரில் குறித்து வைத்தாள்.

பத்தாம் நாள் பாட்டி அவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "நல்லா இருந்த முன்பல்லை இப்படி விலக்கிட்டீங்களே!" என்று கோபித்தார். உள்ளபடியே அது நல்ல அடையாளம். தையல் திறந்தால் முன்பற்களிடையே இடைவெளி தோன்றும். சில மாதங்களில் பற்கள் தாமாகவே நெருங்கி வரும். இதை அக்காவுக்குச் சொன்ன நாங்கள் பாட்டிக்குச் சொல்லாமல் விட்டுவிட்டோம். இப்போதெல்லாம் வீட்டிலுள்ள அத்தனை பேரையும் உட்கார வைத்துச் சொல்லிய பிறகே சாவியைக் கொடுக்கிறோம்.

பிளவு அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளைத் தனியே சொல்ல வேண்டும். சிறு வயதில் அண்ணத்தைத் தைத்த தழும்பு மேல்தாடையை உள்நோக்கி இழுத்துக்கொண்டேயிருக்கும். இவர்களுக்குப் பெரும்பாலும் குவாட் ஹீலிக்ஸ் போன்ற மெதுவான கருவியே பயன்படுகிறது. ஈற்றில் உள்ள பிளவை எலும்பு வைத்து அடைக்கும் அறுவைக்கு முன், கோரைப்பல் முளைப்பதற்குள் தாடையை விரித்து இடம் உண்டாக்க வேண்டும். எட்டு முதல் பதினோரு வயதுக்குள் இந்த வேலை வரும். விரித்தபின் தாங்குகம்பி வைக்காவிட்டால் தழும்பு திரும்பவும் இழுத்துவிடும். இப்பிள்ளைகளைப் பார்த்து, அழகுக்காகத்தான் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மேல்தாடை விரியும்போது மூக்கின் உட்பக்கமும் ஓரளவு அகலமாகும் என்பது உண்மை. ஆனால் குறட்டை, மூச்சுத் தொல்லை எல்லாம் இதனால் தீரும் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பிவிடாதீர்கள். மூச்சுக்குக் காது மூக்கு தொண்டை மருத்துவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாடை குறுகாத பிள்ளைக்கு விரிக்கும் கருவி தேவையில்லை. கருவி வாயில் இருக்கும்வரை கமர்கட், கடலை மிட்டாய், கெட்டி முறுக்கு வேண்டாம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாய் கொப்பளித்துத் துலக்க வேண்டும்.

ஏழு அல்லது எட்டு வயதில் உங்கள் வீட்டுப் பிள்ளையையும் ஒருமுறை கவனியுங்கள். வாயை மெல்ல மூடச் சொல்லுங்கள். மோவாய் ஒரு பக்கம் நழுவினால் தாமதிக்க வேண்டாம். எங்களிடமேதான் வரவேண்டும் என்பதில்லை. கோட்டை ரயில் நிலையத்தருகே தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியில் 1988-இல் தொடங்கிய சவீதா பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எங்கே போனாலும் காலம் கடக்குமுன் போக வேண்டும்.

இப்போது அந்தப் பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். ஐயா, மூன்று கருவிகளில் எதுவும் எல்லாருக்கும் நல்லது அல்ல. பிள்ளையின் வயது, எலும்பின் நிலை, வீட்டில் சாவி திருப்பும் கை, திரும்பத் திரும்ப வர முடிகிற வசதி ஆகிய நான்கும் சேர்ந்தே எது என்று தீர்மானிக்கின்றன. கம்பிக்கு ஆகும் செலவு பெரிதல்ல. பாதியில் வருவதை நிறுத்திவிட்ட சிகிச்சைதான் மிகப் பெரிய செலவு. ஆகையால் உங்கள் காணிக்கையைக் கம்பிக்கு மட்டும் என்று குறித்து அனுப்ப வேண்டாம். திருப்பட்டூர்திக் கட்டணத்திற்கும், விடுபட்ட பிள்ளையை வீடு தேடிப் போய் அழைத்துவரும் ஊழியருக்கும், கடைசித் தாங்குகம்பிக்கும் சேர்த்து, ஒரு பிள்ளையின் சிகிச்சை முடியும்வரைக்கும் என்று எண்ணிக் கொடுங்கள்.

ஆவடிச் சிறுமி இப்போது தாங்குகம்பியோடு பள்ளிக்குப் போகிறாள். டிபன் பாக்ஸில் சாப்பாடு மட்டுமே இருக்கிறது என்று தாயார் சொல்லி அனுப்பியிருக்கிறார்.