புள் தங்கும் ஏரி



திருப்புட்குழியின் பெயரிலேயே 'புள்' உண்டு; சடாயுவை நினைவூட்டும் ஊர் அது. உயிருள்ள புட்களைக் காண விழைவோர் தெற்கே வேடந்தாங்கல் செல்லவேண்டும். நத்தைகுத்தி நாரையும் கூழைக்கடாவும் அங்குள்ள ஏரியின் நீர்க்கடம்ப மரங்களில் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரம். ஆதலின், வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது உழவர் கலெக்டரிடம் முறையிட்டு, 1798-இல் காப்பாணை பெற்றனர். பயன் கருதிய காவல்தான். எனினும் உயிர்கள் பிழைத்தன.

கூடு ஏரியில், இரையோ சுற்றிலுமுள்ள வயல்களிலும் குளங்களிலும். அதனாலேயே 1998-இல் 5 கிலோமீட்டர்ச் சுற்றளவும் சரணாலயமாயிற்று. 2020-இல் அதனை 3 கிலோமீட்டராகச் சுருக்க முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. 2022-இல் ராம்சார் தகுதி கிட்டியது.

பகவான் மகாவீரர் வீடுபேறடைந்த தீபாவளித் திருநாள், பறவைகள் வரத்தொடங்கும் பருவம். அன்று அவ்வூரார் வெடி கொளுத்துவதில்லை.