சக்கர வீட்டில் ஒரு கிழமை

இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே, லிங்கன்ஷயர்ப் பகுதியில், ஸ்கெக்னஸ் என்றொரு பட்டினம் உண்டு. 1873இல் புகையிரதம் எட்டிய பின்னரே அது விடுமுறையூராக வளர்ந்தது. சம்பளத்துடன் விடுமுறை வழங்குதற்கான சட்டம் 1938இல் இயற்றப்பட்டது. நொட்டிங்ஹம், லெஸ்டர் நகரங்களின் தொழிலாளர் குடும்பங்கள் அக்கரையில் வந்து திரண்டன.

விடுதிக்குப் பணம் போதாதோர்க்குக் கைகொடுத்தது ‘கரவன்’ எனப்படும் சக்கர வீடு. சக்கரம் பெயரளவிலேதான், முகாம்களிலுள்ளவற்றிற் பெரும்பாலானவை நின்ற இடத்தைவிட்டு அசைவதில்லை. பகலில் உணவு மேசையாயிருப்பது இரவில் கட்டிலாகும். மழை பெய்தாலோ, கூரையின் ஓசையில் பேச்சே கேளாது. பிள்ளைகளுக்கு அதுவே பேரின்பம். தாய்மாருக்கு? அடுப்பு அங்கும் உண்டல்லவா!

நேயர்கள் ஒன்றை மனங்கொள்ளுதல் வேண்டும். அக்கரை மிகத் தாழ்ந்த நிலம். 1953 ஜனவரி 31ஆம் நாள் இரவு, புயலும் கடற்பெருக்கும் ஒன்றுசேர, ஸ்கெக்னஸுக்கு வடக்கேயுள்ள மேபிள்தோர்ப், சட்டன் ஆகிய ஊர்களிலே வடகடல் அரணை உடைத்து உட்புகுந்தது. இங்கிலாந்தின் கிழக்குக் கரை நெடுகிலும் 307 பேர் மாண்டனர். அது கோடையாயிருந்தால், கரவன்களில் உறங்கும் குழந்தைகளின் கதி யாதாயிருக்கும்? வெள்ள அபாயங் கருதி, இன்றும் அக்கரையின் பல முகாம்களிலே மாரிகாலத்தில் எவரும் தங்குதற்கு அனுமதியில்லை. இலையுதிர்காலம் முடியுமுன் குழாய்களின் நீரை வடித்து, கதவைப் பூட்டிக்கொண்டு குடும்பங்கள் ஊர் திரும்புகின்றன.