சம்பளத்தில் வந்த வீடும் வாரிசுரிமையில் வந்த வீடும்

சென்னையின் மேற்குப் புறநகரின் வீட்டுப் பிரச்சினையைப் பேச வரும் கூட்டங்கள் பெரும்பாலும் மனை விலையோடு நின்றுவிடும். இங்கே விலையோடு வாரிசுரிமையையும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். தலைமை ஏற்க நான் இசைந்ததற்கு அதுவே காரணம்.

இந்த வட்டாரத்தில் வீடுகள் வந்த வரலாற்றிலிருந்து தொடங்குகிறேன். 1955 ஜனவரியில் யு.என். தேபர் தலைமையில் காங்கிரஸ் மாநாடு கூடியது ஆவடியில்தான். சோஷலிச பாணி சமுதாயமே நாட்டின் இலக்கு என்ற தீர்மானம் இந்த மண்ணில் நிறைவேறியது. அடுத்த பத்தாண்டுகளில் இந்த வட்டாரத்தில் எழுந்தவற்றைப் பாருங்கள். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, படைத்துறை உடைத் தொழிற்சாலை. பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. அம்பத்தூரில் முன்பே வந்துவிட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், பிறகு டன்லப், அதன்பின் சிறுதொழில் பேட்டை. கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் ஐ.டி.ஐ. சான்றிதழோடு வந்த இளைஞர்கள் இங்கே நிரந்தரத் தொழிலாளர்கள் ஆனார்கள்.

அவர்கள் வீடு கட்டிய விதத்தை நம் ஆய்வுகள் போதிய அளவு பதிவு செய்யவில்லை. சங்கத்துக் கூட்டுறவுக் கடனில் அரை கிரவுண்டு மனை வாங்கினார்கள். பி.எஃப். முன்பணம் எடுத்து இரண்டு அறையும் சமையலறையும் எழுப்பினார்கள். போனஸ் வந்த ஆண்டில் பூச்சு, அடுத்த போனஸில் காம்பவுண்டு சுவர், பணி ஓய்வின்போது கிராஜுவிட்டியில் மாடி. கள்ளிக்குப்பத்திலோ பட்டாபிராமிலோ ஒரு பழைய வீட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். தூண்களின் தலையில் முறுக்குக் கம்பிகள் துருவேறி நீட்டிக்கொண்டிருக்கும், சில இடங்களில் அவற்றின் மேல் பிளாஸ்டிக் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். மகனுக்கு ஒரு மாடி வேண்டியிருக்கும் என்று தகப்பனார் வெட்டாமல் விட்ட கம்பிகள் அவை. ஒரு சம்பளம், ஒரு தலைமுறை, ஒரு வீடு. அந்தக் கணக்கு அன்று சரியாக வந்தது.

இன்று வருகிறதா? அதே தொழிற்பேட்டையில் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தத் தொழிலாளி என்றால் வங்கி வாசலிலேயே தயங்கும். நிரந்தரப் பணி என்றே வைத்துக்கொள்வோம். சம்பளத்தில் சரிபாதியைத் தவணைக்குக் கொடுத்தாலும், எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம்தான் கடன் கிடைக்கும். அரை கிரவுண்டு என்பது 1,200 சதுர அடி. சதுர அடி 1,200 ரூபாய்க்கு மனை கிடைத்தால் அந்தக் கடன் மனைக்கு மட்டும் போதும். செங்கல்லுக்கும் சிமென்டுக்கும் காசு இருக்காது. அம்பத்தூரில் அந்த விலைக்கு மனை கிடையாது என்பது இங்கே அமர்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆவடியைத் தாண்டி, திருநின்றவூரையும் தாண்டித் தேட வேண்டும். பூந்தமல்லிப் பக்கம், கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோவின் நான்காம் வழித்தடம் நிலத்தின் விலையை வேறொரு உயரத்துக்குக் கொண்டு போயிருக்கிறது.

அதே பிரிவில், அதே ஷிப்டில், அதே சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இன்னொருவர் அப்பா கட்டிய வீட்டின் மாடியில் குடியிருக்கிறார். அவருக்கு வாடகை இல்லை. முதலாமவர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகப் புரட்ட வேண்டும். வேறு உடன்பாடு இல்லாவிடில் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்லியும் ஊர்வழக்கம் மாறவில்லை. இருபது ஆண்டு கழித்து இந்த இருவரின் பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதை அவர்களின் சம்பளச் சீட்டு சொல்லாது. சார்பதிவாளர் அலுவலகத்து ஆவணங்கள் சொல்லும்.

அந்த ஆவணங்களுக்கு அரசு வாங்கும் கட்டணத்தைப் பார்ப்போம். 60 லட்சம் மதிப்புள்ள மனையையோ பழைய வீட்டையோ கிரயம் வாங்குபவர் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும், ஆக 5,40,000 ரூபாய் கட்ட வேண்டும். அதே சொத்தைத் தகப்பனார் மகனுக்கு செட்டில்மென்ட் எழுதினால், 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பின்படியே தீர்வை 40,000, கட்டணம் 10,000, மொத்தம் 50,000. சாதாரணக் குடும்பத்துக்கு இந்தச் சலுகை தேவை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சொத்து 60 லட்சமானாலும் ஆறு கோடியானாலும் உச்சவரம்பு அதே 50,000 என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. உழைத்து முதல் வீடு வாங்குபவரிடம் லட்சங்களை வாங்கிக்கொண்டு, கோடிகளைப் பெறுபவரை ஆயிரங்களில் அனுப்பி வைக்கிறோம்.

இனி, இந்தக் கருத்தரங்கின் மையமாக இருக்க வேண்டியது என்று நான் கருதுவதைச் சொல்கிறேன். குடும்பத்துக்குள்ளும் எல்லோருக்கும் வாரிசுரிமை ஒன்றுபோல் சேர்வதில்லை. பெண்களுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. 1989-இல் தமிழ்நாடு அரசு இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, மூதாதையர் வழிக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. அந்தத் திருத்தம் 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமானவர்களை விட்டுவிட்டது. 2005-இன் மத்தியத் திருத்தமும் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அந்தக் குறையைப் பெருமளவு தீர்த்தன. இவை நாம் அடிக்கடி மேடையில் சொல்பவை. ஆனால் அம்பத்தூரின் பெரும்பாலான வீடுகள் மூதாதையர் சொத்து அல்ல, தொழிலாளி தன் சம்பளத்தில் வாங்கிய சுயசம்பாத்தியம். உயில் எழுதாமல் தகப்பனார் இறந்தால், அதில் மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு 1956-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே உண்டு. ஏறத்தாழ எழுபது ஆண்டாக இருக்கும் உரிமை இது. "எங்களுக்கு அப்போதே கல்யாணம் ஆகிவிட்டது, பங்கு கிடையாது" என்று சொல்லும் அக்காமார்களை இன்றும் பார்க்கிறேன்.

உரிமை இருந்தும் அது கைக்கு வராமல் போவது, வாரிசு தன் பங்கை விட்டுக் கொடுத்து எழுதும் விடுதலைப் பத்திரத்தில்தான். பதிவு அலுவலகத்தின் நீண்ட பெஞ்சில் காலையிலிருந்து காத்திருக்கும் குடும்பங்களைக் கவனியுங்கள். அண்ணன் கையில் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று அடங்கிய கோப்பு. பக்கத்தில் வெளியூரிலிருந்து வந்த தங்கை, கையில் ஆதார் அட்டை. பத்திர எழுத்தர் வேகமாக வாசிக்கிறார். தங்கை புகைப்படத்துக்கு நிமிர்கிறார், விரலை இயந்திரத்தில் வைக்கிறார், கையெழுத்துப் போடுகிறார். பங்குக்கு ஈடாகச் சில குடும்பங்களில் ஒரு தொகை கொடுக்கிறார்கள், பல குடும்பங்களில் அதுவும் இல்லை. "உனக்குத்தான் சீர் செஞ்சாச்சே" என்பது ஒரு காரணம். "நாளைக்கு அம்மா வீடு என்று வந்து போக வேண்டாமா" என்பது சொல்லப்படாத இன்னொரு காரணம். அன்று போட்ட நகை அன்றைய விலையில் முடிந்துபோனது. மனையோ நாளுக்கு நாள் ஏறியது. 2019-இன் கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு ஒன்றரையிலிருந்து இரண்டாக உயர்ந்தபோது, ஜாயின்ட் வென்ச்சருக்கு பில்டர் கேட்டு வந்த வீட்டில் அண்ணனுக்கு இரண்டு ஃபிளாட். அந்தத் தங்கை திருவள்ளூரில் வாடகை வீட்டில். இது ஒரு குடும்பத்தின் கதை அல்ல. இந்த வட்டாரத்தில் பத்திர எழுத்தர் எவரைக் கேட்டாலும் சொல்வார். அந்தத் தங்கையின் மகளுக்கு வீடு எட்டாமல் போவதற்குச் சந்தை மட்டும் பொறுப்பல்ல.

எழுதிக் கொடுக்கவே பத்திரம் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். ஏரிக்கரைப் புறம்போக்கில் இரண்டு மூன்று தலைமுறையாக இருந்தும் பட்டா இல்லாத குடும்பங்கள். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் வாங்கி, 2016-இல் உயர் நீதிமன்றம் பதிவுக்குத் தடை விதித்தபோது திகைத்து நின்ற குடும்பங்கள். இரண்டாமவர்களுக்கு 2017-இன் வரன்முறை விதிகள் ஒரு வழி திறந்தன. முதலாமவர்கள் பிள்ளைக்கு விட்டுச் செல்வது ஒரு மின் இணைப்பு ரசீது மட்டுமே.

இனித் தீர்வுக்கு வருகிறேன். இறந்தவரின் பெருஞ்சொத்துக்கு வரி என்பது நமக்குப் புதிதல்ல. எஸ்டேட் டியூட்டி 1953-இல் வந்து 1985-இல் போனது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி நிதியமைச்சராக இருந்த 1957-இல் வந்த செல்வ வரி 2015-இல் நீங்கியது. ஜப்பானில் வாரிசு வரி உச்சமாக 55 சதவீதம், பிரிட்டனில் வரம்புக்கு மேல் 40 சதவீதம். அந்த விகிதங்களை இங்கே கொண்டுவரச் சொல்லவில்லை. அரை கிரவுண்டு வீட்டைத் தொடக் கூடாது. பெருஞ்சொத்துக்கு செட்டில்மென்ட் கட்டணத்தின் உச்சவரம்பை நீக்க வேண்டும். அதில் வரும் பணத்தை முதல் வீடு வாங்குபவரின் பதிவுச் செலவைக் குறைக்கச் செலவிட வேண்டும். இது என் கருத்து. மறுப்பவர்கள் இந்த அரங்கிலேயே மறுக்கட்டும்.

வீடில்லாதவருக்கு நிலம் கொடுக்க இந்த வட்டாரத்துக்கு ஒரு முன்மாதிரியும் உண்டு. உலக வங்கிக் கடனில், சிறு மனையும் அடிப்படை வசதியும் மட்டும் கொடுத்து, வீட்டைக் குடும்பமே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொள்ள விட்ட திட்டம் மொகப்பேரில் நடந்தது. தோல்வி என்று ஒதுக்கப்பட்ட அந்த முறையை உலக வங்கி ஆய்வாளர்களே திரும்பி வந்து பார்த்து, 2018-இல் வெளியிட்ட கட்டுரையில் வெற்றி என்று மதிப்பிட்டார்கள். திருமழிசையில் துணைநகரம் பேசப்படும் இந்த நேரத்தில், அடுக்ககங்களுக்கு முன்பாக அந்தக் கோப்புகளைத் திறந்து படிக்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். மனை விலையை எண்ணுவதற்கு ஏற்கெனவே ஆள் இருக்கிறார்கள். நீங்கள் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி சார்பதிவாளர் அலுவலகங்களில் பதிவான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரங்களை எடுத்து, எத்தனை மகள் பேரில் வந்தன, எத்தனையில் மகள் விட்டுக் கொடுத்தார், என்ன தொகைக்கு விட்டுக் கொடுத்தார் என்று ஆண்டுவாரியாகக் கணக்கிடுங்கள். பெயர்களை மறைத்து எண்ணிக்கையை மட்டும் வெளியிடப் பதிவுத்துறை இசைய வேண்டும் என்று இந்த அவையின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். மாலை அமர்வில் அதை ஒரு தீர்மானமாகவே முன்வைக்கிறேன்; ஆதரிக்கக் கோரி, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.