நாணமும் அறிவும்



பள்ளிக்கூடங்களில் பாலியற் கல்வி வேண்டுமா, வேண்டாமா என்னும் வினா நம் நாட்டுப் பெற்றோரிடையே அடிக்கடி எழுகின்றது. ஏழாம் தரத்து மாணவர்க்கெனச் சிங்களத்தில் ஆக்கப்பெற்ற 'ஹத்தே அப்பே பொத்த' என்னும் துணைநூலுக்கு 2020ஆம் ஆண்டளவில் பௌத்த துறவியர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். அதன் விநியோகமும் நின்றது. 2025இல் கல்விச் சீர்திருத்தம் பேசப்பட்ட காலத்தும் அவ்வாதம் மீண்டும் தலைதூக்கிற்று. எனவே, இவ்வச்சம் எந்த ஒரு சமூகத்துக்கும் தனியுரிமையன்று.

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் ஆகிய நம் ஊர்களிலும் மூவகைக் கருத்தைக் கேட்கின்றோம். "சொல்லிக் கொடுப்பது தூண்டிவிடுவதாகும்" என்பர் சிலர். "ஆணும் பெண்ணும் கூடியிருக்கும் வகுப்பில் இதனைப் பேசுவது தகுமா?" என்பர் வேறு சிலர். "உம்மாவும் வாப்பாவும் வீட்டில் சொல்லிக் கொள்ளட்டும்" என்பர் மற்றுஞ் சிலர்.

முதலாவதற்கு விடை உண்டு. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய யுனெஸ்கோ நிறுவனம், இக்கல்வியால் இளைஞரின் பாலுறவு நடத்தை மிகுவதில்லை என்று 2018ஆம் ஆண்டு வழிகாட்டியிற் கூறியுள்ளது. இரண்டாவது ஆட்சேபம் நியாயமானது. அதற்கு வழி காணலாம். மூன்றாவது மிக நன்று. ஆனால், வீட்டில் எவரேனும் சொல்கின்றனரா?

மகளுக்கு வீடு கொடுக்கும் வழக்கத்தால் முன்னர் தாய்வழி உறவினர் அருகருகே வாழ்ந்தனர். பெண்பிள்ளை பருவமெய்தினால் மூத்தம்மாவும் மாமியும் குரவையிட்டு நீராட்டி, அறிய வேண்டியவற்றை அறிவித்தனர். இன்றோ பல வீடுகளில் வாப்பா வளைகுடா நாட்டில் உழைக்கின்றார். பிள்ளையின் கையில் தொலைபேசி இருக்கின்றது. உம்மா கூசிச் சொல்லாததை அது கேளாமலே காட்டுகின்றது.

நம் மார்க்கம் இதில் வாய்மூடி இருக்கவில்லை. ஃபிக்ஹு நூல்கள் சுத்தம் பற்றிய பாடத்துடனேயே தொடங்குகின்றன; ஹைளும் கடமையான குளிப்பும் அங்கே தெளிவாக விளக்கப்படுகின்றன. பத்து வயதிற் பிள்ளைகளின் படுக்கையைப் பிரிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மார்க்க விளக்கம் பெறுவதற்கு நாணத்தைத் தடையாகக் கொள்ளாத அன்ஸாரிப் பெண்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் புகழ்ந்தார்கள்.

அறியாமைக்கு நாம் கொடுக்கும் விலை யாது? முதல் உதிரங் கண்டு, தனக்குக் கொடுநோய் வந்ததென ஒளிந்தழுகின்றாள் ஒரு சிறுமி. அதனினுங் கொடிது ஒன்றுண்டு. நம்பிய உறவினரோ அயலவரோ தகாத முறையில் தொட்டால், அதனைக் கூறச் சொல்லின்றிப் பிள்ளை தவிக்கின்றது. ஆண்பிள்ளையும் இதற்கு விலக்கல்லன். 1998ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்னும் தொலைபேசி இலக்கம் உண்டு. ஆனால், நேர்ந்தது தீங்கு என்று அறியாத பிள்ளை எதனை முறையிடும்?

ஆகவே, பெற்றோர் எதிர்க்கும் முன் வாசிக்க வேண்டும். 'சுகாதாரமும் உடற்கல்வியும்' என்னும் பாடநூல் உங்கள் பிள்ளையின் பையிலேயே இருக்கின்றது. இனப்பெருக்கம் பற்றிய பக்கங்களை ஆசிரியர் கூச்சத்தாற் புரட்டிவிடுவதும் உண்டு. அவை கற்பிக்கப்பட்டனவா என வினவுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில், பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியையும் ஆண்பிள்ளைகளுக்கு ஆசிரியரும் தனித்தனியே கற்பிக்கவேண்டுமெனக் கேளுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துத் தாய்மாருடன் பேசச் செய்யுங்கள். தடுப்பதற்குள்ள உரிமையைப் போன்றே, இவற்றைக் கேட்பதற்கும் பெற்றோருக்கு உரிமையுண்டு.

பள்ளிக்கூடம் உடலின் இயல்பைக் கற்பிக்கட்டும். மத்ரஸா ஒழுக்கத்தின் எல்லையைக் கற்பிக்கட்டும். "உனக்கு எது நேர்ந்தாலும் என்னிடம் வந்து சொல், நான் சினங்கொள்ளேன்" என்னும் சொல்லை மட்டும் உம்மாவும் வாப்பாவுமே சொல்லுதல் வேண்டும். அதனை இன்றிரவே சொல்லலாம்.

வஸ்ஸலாம்.